கீழே இருக்கும் மாடி

"ஒண்டிக்கடையில இறங்கிக்குங்க. இறங்கினதும் ஒரு போன் போடுங்க, ஆள் அனுப்புறேன்" என்று நாங்கள் தங்கவிருந்த வீட்டின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். ஏற்காட்டில் எல்லாருடைய வழியும் ஒண்டிக்கடையில்தான் தொடங்குகிறது. ஏரிக்கு எப்படிப் போவது, சேர்வராயன் கோயிலுக்கு எப்படிப் போவது, சீமாட்டி இருக்கைக்கு எப்படிப் போவது என்று யாரைக் கேட்டாலும், பதிலின் முதல் சொல் ஒண்டிக்கடை. ஒண்டியாக ஒரு கடை நின்ற காலத்தில் வைத்த பெயர். இப்போது ரவுண்டானாவைச் சுற்றிக் காப்பித்தூள், மிளகு, தைல பாட்டில், சாக்லேட், மிளகாய் பஜ்ஜி என்று எத்தனையோ கடைகள். ஒண்டி போய்விட்டது, பெயர் நிற்கிறது.

என்னோடு வந்தவள் என் அக்கா மகள். சேலத்தில் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள். முதல் நிலையான ஏ1 தேறிவிட்டாள், அடுத்த நிலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் முழுச் செவிலியராக வேலை பார்க்க பெரும்பாலும் பி2 வரை போக வேண்டும். வெளிநாடுவாழ் கேரளருக்கான அரசு அமைப்பான நோர்க்கா 2021இல் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. தமிழ்நாட்டிலும் செவிலியர் கல்லூரி இருக்கும் ஊர்களில் ஜெர்மன் வகுப்புப் பலகைகள் முளைத்துவிட்டன. நான் அந்த மொழியைச் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் கற்று, சில வருடம் அந்த நாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவள். "ரெண்டு நாள் மலைக்குக் கூட்டிட்டுப் போ. அப்படியே அவளுக்கு அந்த பாஷையையும் கொஞ்சம் சொல்லிக் குடு" என்றாள் அக்கா. ஜனவரி மாதம், காப்பிப் பழம் பறிக்கும் காலம். கிளம்பிவிட்டோம்.

அவள் பையில் ஒரு வீட்டுப்பாடம் இருந்தது. தங்கியிருக்கும் வீட்டில் எந்த அறை எங்கே இருக்கிறது என்று ஜெர்மனில் பத்து வாக்கியம் எழுத வேண்டும். அவ்வளவுதான். அரைமணி நேரத்து வேலை என்று நினைத்தோம். அது எங்களுடைய இரண்டு நாளையும் எடுத்துக்கொண்டது.

மலையேறும்போதே அது தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. சேலத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் முதல் வளைவுக்கு முன்னால், "லிங்க்ஸ் பள்ளம், ரெஹ்ட்ஸ் மலை" என்று இடது வலதைச் சொல்லிப் பார்த்தாள். வளைவு திரும்பியதும் பள்ளம் வலப்பக்கம் வந்துவிட்டது. அடுத்த வளைவில் மறுபடி இடம். ஐந்தாறு வளைவுக்குப் பிறகு நிறுத்திவிட்டாள். முன்சீட்டில் இருந்த பெரியவர் பேரனிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது: "பள்ளத்துப் பக்கம் தலைய நீட்டாத, மலைப்பக்கம் வந்து உக்காரு." பஸ் எப்படித் திரும்பினாலும் அந்தப் பேச்சு தவறாது. மலையில் வாழ்பவருக்கு இடது வலதைவிட மலைப்பக்கமும் பள்ளத்துப் பக்கமும்தான் நிலையானவை.

வீட்டுக்காரர் அனுப்பிய ஆள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவேதான். ஐம்பது வயதிருக்கும், தலையில் மஃப்ளர். ஒண்டிக்கடையிலிருந்து இறங்கும் சந்தொன்றில் எங்களை நடத்திப் போனார். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி இது என்று சொல்வார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்துக் காப்பிப் பழம் காயப்போட்டிருந்தார்கள், புளித்த வாசனை. அந்த வீட்டைத் தாண்டி, சாலையோரமாக ஒரு சிறிய கதவு. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை வீடு போல இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனால் கூடம், கூடத்தின் மூலையில் படிக்கட்டு. படிக்கட்டு மேலே ஏறவில்லை, கீழே இறங்கியது.

"ரூமெல்லாம் கீழதாங்க. ரெண்டு ரூமு கெழக்கால, ஒண்ணு மேக்கால. சமையல்கட்டு அதுக்கும் கீழங்க. கீழ கதவு தொறந்தா தோட்டம்" என்றார் அந்த அம்மா.

மலைச்சரிவில் கட்டிய வீடு. சாலை மட்டத்தில் நுழைந்தால் நாம் நிற்பது உச்சி. அதற்குக் கீழே படுக்கையறைகள், அதற்கும் கீழே சமையல்கட்டு. அங்கிருந்து வெளியே கால் வைத்தால் காப்பித் தோட்டத்து மண். தோட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் மூன்று தள வீடு. சாலையிலிருந்து பார்த்தால் தரையோடு ஒட்டிய வீடு.

என் அக்கா மகள் நோட்டைத் திறந்து முதல் வாக்கியம் எழுதப்போய் பேனாவை எடுத்துவிட்டாள். "சித்தி, இதுல எர்ட்கெஷோஸ் எது?"

ஜெர்மனில் எர்ட் என்றால் மண், பூமி. கெஷோஸ் என்றால் தளம். மண்ணோடு இருக்கும் தளம் எர்ட்கெஷோஸ், நம் தரைத்தளம். அதற்கு மேலே இருப்பது முதல் ஷ்டோக், அதாவது முதல் மாடி. எண்ணும் முறை நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே, அந்த வகையில் குழப்பமில்லை. அமெரிக்காவில் தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணுவார்கள், அங்கே போகிறவர்தான் லிஃப்டில் தவறான பொத்தானை அமுக்குவார். ஆனால் இந்த வீட்டில் சாலை மண்ணும் இருக்கிறது, தோட்டத்து மண்ணும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருபதடி உயர வேறுபாடு. எந்த மண்ணை மண் என்று வைப்பது? கதவு இருக்கும் தளத்தை எர்ட்கெஷோஸ் என்றால், நாங்கள் தூங்கப்போகும் அறை உன்டர்கெஷோஸ், மண்ணுக்கு அடியில் இருக்கும் தளம். ஆனால் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் மரத்தின் உச்சிக்கிளைதான் தெரிகிறது, பறவைகள் நம் கண் மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதை எப்படி அடித்தளம் என்று எழுதுவது?

அவளுக்கு என் பழைய அனுபவம் ஒன்றைச் சொன்னேன். ஜெர்மனிக்குப் போன புதிதில், தமிழ்க் குடும்பம் ஒன்று தேநீருக்கு அழைத்திருந்தது. தெருவும் வீட்டு எண்ணும் கையில் இருந்தன. வாசலில் போய் நின்றால் பத்துப் பன்னிரண்டு அழைப்பு மணிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயர். ஃபிளாட்டுக்கு எண் கிடையாது. நம் ஊரில் "நாலாம் நம்பர் வீடு, மூணாம் மாடி" என்று எண்ணால் சொல்லிவிடுவோம். அங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டைக் குறிப்பது இருப்பிடம்: மூன்றாம் மாடி இடப்பக்கம், மூன்றாம் மாடி வலப்பக்கம், மூன்றாம் மாடி நடு. அந்த இடது வலது யாருடையது? படியேறி வந்து மேலே நிற்பவருடையது. வெளியே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவரின் இடது அல்ல. அது எனக்குத் தெரியாது. தெருவிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு ஏறியவள், எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். கதவைத் திறந்த மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரு சொல் சொன்னார்: கேகன்ஊபர். எதிரே. அன்றைக்குக் கற்ற அந்தச் சொல்லை இன்றுவரை மறக்கவில்லை.

பெர்லினின் பழைய குடியிருப்புகளில் இது இன்னும் நீளும். தெருவைப் பார்த்த கட்டடம் ஃபோர்டர்ஹவுஸ், முன்வீடு. முற்றத்தைத் தாண்டினால் ஹின்டர்ஹவுஸ், பின்வீடு. பக்கவாட்டில் ஒட்டியிருப்பது ஸைடன்ஃப்ளூகல், பக்கச் சிறகு. முகவரி சொல்லும்போதே அந்தச் சொல்லும் கூடவே வரும். இதைக் கேட்டதும் என் அக்கா மகள் நிமிர்ந்தாள். "இது நம்ம ஆயா வீடு மாதிரிதானே? முன்கட்டு, ரெண்டாங்கட்டு, பொடக்காலி." ஆமாம். செட்டிநாட்டிலும் கும்பகோணத்திலும் கொங்கிலும் நாம் வீட்டைக் கட்டுக் கட்டாகத்தான் எண்ணினோம், முன்னிருந்து பின்னாக. நம் ஆயா வீட்டில் மாடி என்பதே கிடையாது, அட்டாலி மட்டும் உண்டு. வீடு மேல்நோக்கி வளராமல் உள்நோக்கி வளர்ந்தது. பொடக்காலி என்று சேலத்துப் பக்கம் சொல்வது மற்ற ஊரில் புழக்கடை, புறக்கடை. அங்கே வரும் கடைக்குப் பொருள் விற்கும் இடம் என்ற பொருளில்லை. வாசல், கோடி, முடிவு. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு உரிய இடச்சொற்களை வரிசையாகச் சொல்லும்போது உள், கீழ், மேல், பின், அயல், முன், இடை, வலம், இடம் என்பவற்றோடு கடையையும் சேர்த்திருக்கிறார். மொத்தம் பத்தொன்பது சொற்கள். ஒண்டிக்கடையின் கடை வணிகக் கடைதான், இருந்தாலும் வழியெல்லாம் அதில் போய் முடிவதைப் பார்க்கும்போது அந்தப் பழைய கடையும் உள்ளே ஒளிந்திருப்பதாக எனக்கு ஓர் ஆசை.

ஜெர்மன் படிக்கும் மாணவர்கள் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்யும் ஒரு பட்டியல் உண்டு. ஆன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், ஊபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷன். ஒன்பது சொற்கள். நோட்டில் அவற்றை இடப்பக்கம் எழுதி, தொல்காப்பியர் சொற்களை வலப்பக்கம் எழுதினோம். ஹின்டர் பின். இன் உள். நேபன் அயல். உன்டர் கீழ். ஃபோர் முன். ட்ஸ்விஷன் இடை. மேல் என்ற நம் ஒரு சொல்லுக்கு அவர்களிடம் இரண்டு: தொட்டுக்கொண்டு மேலே இருந்தால் அவுஃப், தொடாமல் மேலே இருந்தால் ஊபர். மேசைமேல் தட்டு அவுஃப், மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு ஊபர். ஆன் ஒன்றுதான் தமிழில் நேராக உட்காரவில்லை. சுவரில் மாட்டிய படத்துக்கும் ஏரிக்கரை வீட்டுக்கும் அதே ஆன். ஒட்டினாற்போல இருத்தல் என்று வைத்துக்கொண்டோம். பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றும் ஒரு ஏ2 பாடப்புத்தகமும் ஒரே தாளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்த ஒன்பது சொற்களுக்குப் பின்னால் வரும் பெயர் இரண்டு வேற்றுமையை எடுக்கும். வோ, அதாவது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பதிலானால் டாட்டிவ். வோஹின், அதாவது எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பதிலானால் அக்குசாட்டிவ். சமையலறையில் இருக்கிறேன் என்றால் இன் டேர் க்யூஹெ. சமையலறைக்குப் போகிறேன் என்றால் இன் டீ க்யூஹெ. டேருக்கும் டீக்கும் நடுவில் இருப்பும் போக்கும் பிரிகின்றன.

என் அக்கா மகள் எழுதிய பத்து வாக்கியத்தில் ஏழில் இதைத் தலைகீழாக எழுதியிருந்தாள். சிவப்பு மையால் திருத்துவதில் பயனில்லை, ஏன் இப்படி எழுதினாள் என்று பார்த்தேன். வகுப்பில் டாட்டிவ் என்றால் தமிழில் "கு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தவறில்லை. அவனுக்குக் கொடு என்றால் இரண்டு மொழியிலும் அதே வேற்றுமைதான், நம் இலக்கணத்தில் நான்காவது. ஆனால் தமிழில் "கு" போகும் திசையையும் காட்டும்: அறைக்குப் போ. இருக்கும் இடத்துக்கு நாம் "இல்" வைத்திருக்கிறோம், அது ஏழாவது: அறையில் இரு. எனவே தமிழ்ப்பிள்ளை இயல்பாகவே போகிற இடத்துக்கு டாட்டிவ் போடுகிறது. ஜெர்மனோ இருக்கிற இடத்துக்கு அதைப் போடுகிறது. இவள் புத்தி மந்தம் என்பதல்ல, தாய்மொழி சரியாக வேலை செய்ததால் வந்த பிழை.

ஜெர்மன் ஏன் அப்படி? அதன் மூதாதை மொழிக்கும் நம் ஏழாம் வேற்றுமை போல இடத்துக்கென்றே ஒரு வேற்றுமை இருந்தது. சமஸ்கிருதம் அதை வைத்துக்கொண்டது. ஜெர்மானிய மொழிகளில் வேற்றுமைகள் ஒன்றோடொன்று கலந்து குறைந்தபோது, இட வேற்றுமை தன் வீட்டை இழந்து நான்காவதின் வீட்டில் குடியேறிவிட்டது. இன்றைக்கு இன் டேர் க்யூஹெ என்று சொல்லும் ஜெர்மானியர், டாட்டிவ் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏழாம் வேற்றுமையைத்தான் பேசுகிறார். இதைச் சொன்னதும் அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அவளே ஒன்றைப் பிடித்தாள்.

"சித்தி, வீட்டுக்குப் பின்னாலன்னு சொல்றோமே. அங்க 'கு' தானே வருது? பின்னால இருக்குன்னுதானே அர்த்தம், போறதில்லையே?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆமாம், ஹின்டர் டேம் ஹவுஸ். வீட்டுக்குப் பின்னால். வீட்டுக்கு முன்னால், மேசைக்கு அடியில், கதவுக்குப் பக்கத்தில் என்று நாம் இடம் சொல்லும்போதெல்லாம் "கு" தான் நிற்கிறது, ஜெர்மனின் டாட்டிவ் போலவே. வகுப்பில் கொடுத்த "கு" சூத்திரம் பொய்யில்லை, தவறான கதவில் மாட்டியிருந்தது. அறையில் என்பதற்கு எதிராக அதை வைக்காமல், அறைக்குப் பின்னால் என்பதற்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்பது சொல்லில் பெரும்பாலானவை நேராக நின்றுவிடும். போக்குக்குத்தான் தனியாக ஒரு கவனம் வேண்டும், ஏனென்றால் நாம் வீட்டுக்குப் பின்னால் நின்றாலும் வீட்டுக்குப் பின்னால் போனாலும் சொல்லை மாற்றுவதில்லை, வினைச்சொல்லே அதைச் சொல்லிவிடும். அவர்கள் டேம் என்பதை டாஸ் ஆக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை மறுபக்கத்திலிருந்து படித்தவர்கள் உண்டு. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது ஏறத்தாழ இருபத்து நான்கு வயது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பத்து ஆண்டில், 1716இல், அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சானது. சேலத்திலேயே லெக்லர் என்ற ஜெர்மானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊழியம் செய்து இங்கேயே இறந்தார், அவர் பெயரில் ஆலயம் நிற்கிறது. லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856இல் வெளியிட்டார். அவர்கள் எல்லாரும் ஒருநாள், எங்கேயோ ஒரு தமிழ் வீட்டு வாசலில் நின்று, "உள்ளே" என்பதற்கும் "உள்ளுக்கு" என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறியிருப்பார்கள். முந்நூறு வருடத்துக்குப் பிறகு சேலத்துப் பெண் ஒருத்தி அதே பாலத்தில் எதிர்த்திசையில் நடக்கிறாள். அவர்கள் வேதம் சொல்ல வந்தார்கள். இவள் நோயாளிகளைப் பார்க்கப் போகிறாள்.

சாயங்காலம் சீமாட்டி இருக்கைக்கு நடந்தோம். பனி விலகியிருந்தது. கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. அங்கே நின்றுகொண்டு "அம்மாவுக்கு போன் பண்ணி மேல வரச் சொல்லலாமா?" என்றாள். அந்த "வர"வில் ஒரு பாடம் இருந்தது. நாம் நிற்கும் இடத்தை நோக்கி மேலே என்றால் ஜெர்மனில் ஹெராவுஃப். நாம் நிற்கும் இடத்தை விட்டு மேலே என்றால் ஹினாவுஃப். இறங்குவதற்கும் அதே போல ஹெருன்டர், ஹினுன்டர். ஹெர் என்றால் இங்கே நோக்கி, ஹின் என்றால் அங்கே நோக்கி. பாடப்புத்தகங்கள் இதைக் கடினமான பகுதி என்று பின்னுக்குத் தள்ளிவிடும், ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இது முள்தான். தமிழருக்கு இது தாய்ப்பால். ஏறி வா, ஏறிப் போ. இறங்கி வா, இறங்கிப் போ. வா என்றால் ஹெர், போ என்றால் ஹின். வருவதும் தருவதும் தன்மை முன்னிலைக்கு, போவதும் கொடுப்பதும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. சேலத்தில் இருக்கும் அம்மா ஏற்காட்டுக்கு ஹெராவுஃப் வருவாள். நாளை நாங்கள் சேலத்துக்கு ஹினுன்டர் போவோம். அவளுக்கு இது ஒரே மூச்சில் வந்துவிட்டது. இருட்டும் வரை அந்தக் கைப்பிடிச் சுவரருகே நின்று, போவோர் வருவோரை எல்லாம் பார்த்து ஹெராவுஃப், ஹினாவுஃப் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "இவ்வளவு நுணுக்கம் ஒரு நர்ஸுக்கு எதுக்கு சித்தி?" கேட்டாளே தவிர, பதிலும் அவளிடமே இருந்தது. சேலத்து மருத்துவமனைப் பயிற்சியில், கிராமத்திலிருந்து வந்த பாட்டி ஒருத்தி ராத்திரி இரண்டு மணிக்கு கழிப்பறை எங்கே என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நின்று அழுததை அவள் பார்த்திருக்கிறாள். யாரோ "நேரா போய் லெஃப்ட்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாட்டிக்கு லெஃப்ட் தெரியாது. "சோத்தாங்கையா, பீச்சாங்கையா" என்று கேட்டுக் கைபிடித்துக் கூட்டிப் போனதாகச் சொன்னாள். ஜெர்மன் மருத்துவமனையிலும் எண்பது வயதுக்காரர்கள்தான் அதிகம் இருப்பார்கள். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தை அவர்கள் ரொன்ட்கன் என்பார்கள், 1895இல் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தவரின் பெயரையே வைத்து. ரொன்ட்கன் எங்கே என்று ஒரு முதியவர் கேட்கும்போது, கீழ்த்தளத்தில் இடப்பக்கம் என்று இவள் சொல்வது தெளிவாக இருக்க வேண்டும். சொல் ஒன்று பிசகினால் அவர் தவறான கதவில் போய் நிற்பார். தவறான கதவில் நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் தோட்டத்துப் படியில் நோட்டோடு உட்கார்ந்தோம். "என்ன கண்ணு எழுதற?" என்று அவர் கேட்டார். வீட்டில் எந்த ரூம் எங்கே என்று எழுதுவதாகச் சொன்னதும், "அதுல என்ன இருக்குது. கெழக்கால ரூமு, மேக்கால ரூமு, அக்னி மூலையில அடுப்பு, ஈசானியில சாமி" என்று கையைக் காட்டினார். எவ்வளவு சுலபம். அவருக்கு உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் திசை மாறுவதில்லை, படியேறினாலும் இறங்கினாலும் மாறுவதில்லை. மேற்கு என்ற சொல்லே மேல் என்பதிலிருந்து, கிழக்கு கீழ் என்பதிலிருந்து வந்தது, மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நிலத்தில் பிறந்த சொற்கள் என்று கால்டுவெல் எழுதியிருக்கிறார். அவர் ஒப்பிலக்கணமும் அதே 1856இல்தான் வந்தது. மலையில் வீடு கட்டிய தமிழருக்கு மேல்தளம் கீழ்த்தளத்துக்கும் மேற்கு கிழக்குக்கும் ஒரே வேர்ச்சொல்.

ஜெர்மானியர் வீட்டுக்குள் திசை சொல்லிப் பேசுவது குறைவு. ஒரே இடத்தில்தான் அவர்கள் திசையை எடுப்பார்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லும்போது. அங்கே ஓர் அழகு இருக்கிறது. நாம் கிழக்குப் பார்த்த வீடு, தெற்குப் பார்த்த அறை என்கிறோம். நம் வீடுகளுக்குக் கண் இருக்கிறது. அவர்கள் டாஸ் ட்ஸிம்மர் கேட் நாஹ் ஓஸ்டன் என்பார்கள். அறை கிழக்கே போகிறது. அவர்கள் அறைகளுக்குக் கால் இருக்கிறது. இதை நான் எங்கேயும் படித்ததில்லை, அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பட்டது. பட்டதும் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாக்கியிருந்தது அந்த எர்ட்கெஷோஸ் கேள்வி. பஸ்ஸில் கேட்ட பெரியவரின் பேச்சைத்தான் நான் இரவெல்லாம் யோசித்திருந்தேன். மலைப்பக்கம், பள்ளத்துப் பக்கம். ஜெர்மனியிலும் மலைநாடு இருக்கிறதே, தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சரிவில்தானே வீடு கட்டுகிறார்கள், அதற்குச் சொல் இல்லாமலா போகும்? இருந்தது. சரிவுக்கு ஹாங் என்று பெயர், சரிவில் நிற்கும் வீடு ஹவுஸ் அம் ஹாங். அதே ஆன், ஒட்டினாற்போல என்று நாங்கள் வைத்த ஆன், இங்கே அம் ஆகி நின்றது. அந்த வீட்டில் மலைப்பக்கத்து அறை பெர்க்ஸைடிஹ், பள்ளத்தாக்குப் பக்கத்து அறை டால்ஸைடிஹ். பெர்க் மலை, டால் பள்ளத்தாக்கு, ஸைட பக்கம். கட்டட வரைபடக்காரரும் பனிச்சறுக்குப் பயிற்சியாளரும் தினம் பேசும் சொற்கள். ஏ2 புத்தகத்தில் வராது.

அவள் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இந்த வீடு சரிவில் நிற்கிறது. கதவு மலைப்பக்கம் இருக்கிறது, சாலையோரத்தில். கூடம் அந்தத் தளத்தில். ஒரு தளம் கீழே மூன்று அறைகள், இரண்டு பள்ளத்தாக்குப் பக்கம். அதற்கும் ஒரு தளம் கீழே, சமையலறையும் தோட்டமும். எர்ட்கெஷோஸ் என்ற சொல்லை எங்குமே எழுதவில்லை, தேவைப்படவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். டேர், டேம் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. ஒன்பதாவதில் ஒரு முறை தயங்கி, "வீட்டுக்குப் பின்னால" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டு டேம் என்று எழுதினாள்.

பத்தாவதுக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். படியில் ஓடி ஏறினாள், நடுத்தளத்துக்கு. கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைக்கு மேலே ஜன்னல் திறக்கும் ஓசை. காப்பி டம்ளரோடு வெளியே வந்த அந்த அம்மாவும் நானும் அண்ணாந்து பார்த்தோம். முகத்தில் வெயில் படக் கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு அவள் சத்தமாகச் சொன்னாள்.

"மைன் ட்ஸிம்மர் கேட் நாஹ் ஓஸ்டன்!"

"என்ன சொல்லுது பொண்ணு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அவ ரூமு கெழக்கப் பாத்த ரூமாம்" என்றேன்.

"அதத்தான நேத்தே சொன்னேன்" என்றார் அவர். பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்: "காப்பி ஆறுது, எறங்கி வா கண்ணு."

ஜன்னலிலிருந்து பதில் வந்தது, ஹெருன்டர் என்று.